தூங்கிக்கொண்டே நடித்தவர்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணி. பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் ஆகியும் ஏழாம் வகுப்பில் மூன்று பேர் மிச்சம் இருந்தார்கள். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தன. மேலே மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. அதுவும் பாவம், காலையிலிருந்து சுற்றுகிறது.

செங்கொடி மேசையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். பீம்ராவ் பெஞ்சில் நீட்டிப் படுத்து, புத்தகப் பையைத் தலைக்கு வைத்திருந்தான். நவ்ரீன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இயக்குநர். இயக்குநர் படுக்கக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

அவர்கள் முன்னால் ஒரு தாள் இருந்தது. ‘உங்கள் படத்தை நீங்களே மதிப்பிடுங்கள். நாள்: 14.7.2007’ என்று ஆலிஸ் டீச்சர் கொட்டை எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். மொத்தம் ஆறு கேள்விகள்.

“மூணு வாரம் படம் எடுத்து நாக்கு தள்ளிப்போச்சு. இதுல பரீட்சை வேறயா?” என்றான் பீம்ராவ், கண்ணைத் திறக்காமல்.

ஏழாம் வகுப்பில் மூன்று குழுக்களுக்கு டீச்சர் ஒரே வேலையைத்தான் கொடுத்திருந்தார். ஒரு திகில் படத்தின் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை.

“பேய் வரக்கூடாது. ரத்தம் வரக்கூடாது. கத்தி வரக்கூடாது. பார்க்கிறவங்க மனசுக்குள்ளேயே பயம் வரணும். அதுக்குப் பேர் மனத்திகில் படம்.”

“பேயும் இல்ல, கத்தியும் இல்லன்னா எதைப் பாத்து டீச்சர் பயப்படறது?” என்று அன்றைக்கே கேட்டான் பீம்ராவ்.

“அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்,” என்றார் டீச்சர்.

கண்டுபிடித்தார்கள். ‘தாழ்ப்பாள் போடாத கதவு’ என்பது அவர்கள் படத்தின் பெயர். ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறான். வீடு இருட்டாக இருக்கிறது. உள் அறைக் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறான். உள்ளே கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். கண் பாதி மூடி, பாதி திறந்திருக்கிறது. அவருடைய இரண்டு கைகளும் அந்தரத்தில் மெல்ல மெல்ல அசைகின்றன. ஒரு கை எதையோ இழுக்கிறது. இன்னொரு கை எதையோ தள்ளுகிறது. பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பின்னணியில் ‘ஙொய்ய்ய்’ என்று ஓர் இசை. அதோடு படத்தின் பெயர் வருகிறது.

“முதல் கேள்வி,” என்று படித்தாள் நவ்ரீன். “‘பயம் எந்த இடத்தில் வந்தது?’”

“நான் நடிச்ச இடத்துல,” என்றான் பீம்ராவ். அந்தப் பையனாக நடித்தது அவன்தான்.

“உனக்கு ஒரு வசனம்கூடக் கெடையாதே.”

“அதான் பயமா கீது. ஹீரோவுக்கு வசனமே இல்லாத படம் எங்கனா உண்டா?”

“கைன்னு எழுதுறேன்,” என்றாள் நவ்ரீன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அந்தக் கைகள் வந்ததும் அறையே வீல் என்று அலறியது.

இரண்டாவது கேள்வி, எது சரியாக வரவில்லை என்பது. அதிலும் சந்தேகம் இல்லை. இதயம்தான்.

நவ்ரீனின் மாமா லியாகத் அலி தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கேமராவும் அவருடையது, படத்தை வெட்டி ஒட்டும் கம்ப்யூட்டரும் அவருடையது. பதினைந்து வருடமாகக் கல்யாணமே எடுத்த கை சும்மா இருக்குமா? பீம்ராவ் கதவைத் தள்ளுகிற இடத்தில் திரையின் நடுவே ஒரு சிவப்பு இதயம் முளைத்தது. அது பெரிதாகி விரிய, அதற்குள்ளிருந்து கட்டிலும் ஆளும் வந்தார்கள். நாலு ரோஜா இதழ்கள் வேறு உதிர்ந்தன.

“மாமாகிட்ட எவ்ளோ சொல்லிட்டேன், இது திகில் படம்னு,” என்றாள் நவ்ரீன் சலிப்பாக. “‘பயப்படறவங்களுக்கும் இதயம் கீதில்ல?’ன்னு கேக்குறாரு.”

செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து நவ்ரீன் படித்த கேள்வியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அஞ்சாவது ஈஸி. ‘படத்தில் நடித்தவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தீர்களா? அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.’ பீம்ராவ், நீ இங்க போடு. செங்கொடி, உங்க சித்தப்பா கையெழுத்தைத் திங்கக்கிழமை வாங்கியாந்துடு.”

“ம்,” என்றாள் செங்கொடி.

சித்தப்பா என்று ஒருவர் அவளுக்குக் கிடையவே கிடையாது. கட்டிலில் படுத்திருந்தது அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் கோதண்டம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் அவர். இரவெல்லாம் வேலை. காலையில் வந்து, ஜன்னலில் பழைய போர்வையை மாட்டி இருட்டாக்கிக்கொண்டு தூங்குவார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம், கேமராவோடு வீட்டுக்கு வந்த செங்கொடி கதவைத் திறந்தாள். நைனாவின் கைகள் அந்தரத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கணம் அது யாரோ போல இருந்தது. நெஞ்சு திக்கென்றது. அடுத்த கணமே, ‘இதான்! இதுதான் நம்ம படம்!’ என்று தோன்றிவிட்டது. சத்தம் போடாமல் எடுத்துவிட்டாள். கேட்கவில்லை. மறுநாள் நண்பர்களிடம், “எங்க சித்தப்பா நடிச்சுக் குடுத்தாரு,” என்று சொல்லிவிட்டாள். ஒரு பொய், வாயிலிருந்து வழுக்கி விழுந்ததுபோலத்தான் வந்தது. பொறுக்கி எடுக்கத்தான் முடியவில்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோர் கூட்டம். மூன்று படங்களையும் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள். தெருவே வரும். நைனாவும் வருவார்.

அந்தக் கைகளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால், மூன்று வாரம் வெயிலில் அலைந்த நவ்ரீனுக்கும் பீம்ராவுக்கும் படமே இருக்காது. எடுக்காவிட்டால், நைனாவைப் பார்த்து ஊரே அலறும்.

“நாலாவது கேள்விக்குச் சீட்டெல்லாம் படிக்கணும்,” என்றாள் நவ்ரீன். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நாலாவது கேள்வி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. கை பயங்கரம். இதயம் அழகு. பயத்தில் தண்ணீர் குடித்தேன். இப்படியே ஒன்பது சீட்டுகள். பத்தாவது சீட்டைப் படித்த நவ்ரீன் முகத்தைச் சுளித்தாள்.

“‘எனக்குப் பயம் வரவில்லை. அந்த மாமா பாவம், வேலை செய்கிறார். உபைதுல்லா, ஆறாம் வகுப்பு.’ இன்னாடி இது? படுத்துக்கினு கீற ஆளு இன்னா வேலை செய்யறாரு?”

“புரியாத பையன். கிழிச்சுப் போடு,” என்றான் பீம்ராவ்.

“கிழிக்காத,” என்று செங்கொடி எழுந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவனைத் தேடி வெளியே ஓடினாள்.

உபைதுல்லா மைதானத்தில்தான் இருந்தான். பரீட்சை அட்டையை மட்டையாக்கி, தனக்குத்தானே பந்து போட்டு, தானே அடித்துக்கொண்டிருந்தான். தானே ‘அவுட்’ இல்லை என்றும் சொல்லிக்கொண்டான்.

“டேய், அவர் வேலை செய்யறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கையைப் பாத்தா தெரியாதா? எங்க வாப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுறாரு. தூக்கத்துல கியர் போடுவாரு. நான் பக்கத்துல படுத்தா என் மூக்குதான் கியரு. ரிவர்ஸ் போட்டா வலிக்கும் பாரு, யப்பா!” அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். “உங்க படத்துல கீறவர் லாரி இல்ல. வேற இன்னாவோ ஓட்டுறாரு.”

“கிரேன்,” என்றாள் செங்கொடி. பிறகு, யாரிடமும் சொல்லாததை அந்தப் பொடியனிடம் சொன்னாள். “எங்க நைனா.”

உபைதுல்லா அவளை நிமிர்ந்து பார்த்தான். “உங்க நைனாவா? அப்புறம் இன்னாத்துக்கு அவரைப் பேய் மாதிரி காட்டுன?”

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்து போட ஓடிவிட்டான்.

மிச்சக் கேள்விகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நைனா எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வர ஆறு மணி ஆகும். நைனாவின் கண்கள் சிவந்திருந்தன. எவ்வளவு தூங்கினாலும் அந்தச் சிவப்பு போகாது.

“வா கண்ணு. படம் முடிஞ்சிச்சா? எங்க ஷிப்ட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் பொண்ணு சினிமா எடுக்கறான்னு. வெள்ளிக்கிழமை தூங்கல. வேலை விட்டு வந்ததும் குளிச்சிட்டு நேரா உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான். ஒருநாள் தூங்கலன்னா இன்னா குடியா முழுகிடும்?”

கம்பியில் தேய்த்த சட்டை ஒன்று தொங்கியது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

செங்கொடி அந்தச் சட்டையை ஒருமுறை பார்த்தாள். பையிலிருந்து சிடியை எடுத்தாள். “நைனா, நீ முதல்ல பாரு,” என்று டி.வி.யில் போட்டாள்.

நைனா ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பீம்ராவ் நடந்து வந்தபோது, “சோக்கா நடக்கறான்,” என்றார். இதயம் விரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். அந்த இதயத்துக்குள்ளிருந்து அவரே வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

திரையில் கைகள் அசைந்தன. நைனா தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இது தூக்குற கை,” என்றார் மெதுவாக. “இது நகத்துறது. இப்ப இறக்குறேன். இறக்கும்போது மட்டும் மெதுவாத்தான் இறக்கணும். கீழ ஆளுங்க நிப்பாங்க இல்ல.”

அப்போது ‘ஙொய்ய்ய்’ என்று இசை வந்தது. பீம்ராவின் பயந்த முகம் வந்தது. படத்தின் பெயர் வந்தது.

நைனா திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“உனக்கு என்னைப் பாத்தா பயமா கீதா கண்ணு?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யையே சுமக்க முடியவில்லை. “ஒரு நிமிஷம் பயமா இருந்திச்சு நைனா,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “உன்னைக் கேக்காம எடுத்துட்டேன்.”

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “அழாத. உன் படம். எனக்கு இன்னா தெரியும் அதுல?” என்றார். வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வேலைக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பிப் பார்க்காமலே, “வெள்ளிக்கிழமை முடியுதான்னு பாக்கலாம். தூக்கமும் வேணுமில்ல,” என்றார்.

கம்பியில் அந்தத் தேய்த்த சட்டை அப்படியே தொங்கியது. செங்கொடிக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடித்ததும் அவள் சிடியை மறுபடி ஓட்டினாள். அந்த ‘ஙொய்ய்ய்’ வந்தபோது எரிச்சலாக இருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள்.

சத்தம் இல்லாத படத்தில் பயமே இல்லை.

மறுபடி போட்டாள். கைகள் எதையோ தூக்கின. நகர்த்தின. நின்றன. பிறகு இறக்கின, மெதுவாக, மிக மெதுவாக. தூக்கத்தில்கூட அந்தக் கைகள் அவசரப்படவில்லை. கீழே யாரோ நிற்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

படத்தில் பயம் நைனாவிடம் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவளிடம் இருந்தது. அந்தப் பக்கம், நைனாவின் மனசுக்குள், வேறொரு பயம் இருந்தது. அது படத்தில் வரவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் லியாகத் அலி மாமாவின் ஸ்டூடியோ வாசலில் வைத்து, நவ்ரீனிடமும் பீம்ராவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.

நவ்ரீனின் முகம் சிவந்தது. “மூணு வாரமா சித்தப்பா, சித்தப்பான்னு சொன்னியேடி! நான் டைட்டில்ல ‘நன்றி, சித்தப்பா’ன்னு போட்டுக்கீறேன்!”

“தப்புதான்,” என்றாள் செங்கொடி.

பீம்ராவ் மட்டும் பெருமூச்சு விட்டான். “அப்பாடா! அவர் நடிக்கலியா? இவ்ளோ சூப்பரா நடிக்கறாரே, நமக்கு வரலியேன்னு நான் மூணு வாரமா பொறாமைல வெந்துகினு இருந்தேன்.”

நவ்ரீனுக்குக் கோபத்தை அதற்குமேல் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். இயக்குநர் சட்டத்தை மறந்து சுவரில் சாய்ந்தாள். “இப்ப இன்னா பண்றது? கையை எடுத்துட்டா படம் காலி.”

“எடுக்க வேணாம். இன்னொண்ணு சேக்கணும்,” என்றாள் செங்கொடி. “கை வந்ததும் உன் முகத்துக்குப் போவக் கூடாது பீம்ராவ். அவரு தூக்கத்துல இன்னா பாக்குறாரோ அதைக் காட்டணும். நூறடி உசரத்துலேர்ந்து கீழ பாக்குற மாதிரி. ஒரு பெரிய பெட்டி தொங்குது. கீழ ஆளுங்க எறும்பு மாதிரி நிக்குறாங்க. பெட்டி ஆடுது. அவங்க மேல விழுந்துடுமா, விழாதா?”

பீம்ராவ் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏய், இது நெஜமாவே பயமா கீதே!”

“பேய் இல்ல, கத்தி இல்ல,” என்று விரல்விட்டு எண்ணிய நவ்ரீன் எழுந்துவிட்டாள். “மாமா ஸ்டூடியோவுக்கு மேல மூணாவது மாடி மொட்டைமாடி கீது. டி.வி. வந்த அட்டைப்பெட்டி கீது. கயிறு கீது. வா, இப்பவே எடுக்கலாம்!”

“இப்ப வேணாம்,” என்றாள் செங்கொடி. “முதல்ல நைனாவைக் கேக்கணும்.”

நாலு மணிக்கு மூன்று பேரும் வரிசையாக நைனாவின் முன்னால் நின்றார்கள். அவர் அப்போதுதான் எழுந்து, தலை கலைந்து உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், உங்க கால்ஷீட் வேணும்,” என்றாள் நவ்ரீன், இயக்குநர் குரலில்.

“அதான் என்னைக் கேக்காமலே எடுத்துட்டீங்களே,” என்றார் நைனா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அதுவே செங்கொடிக்குச் சுருக்கென்று குத்தியது.

அவள் கேள்வித்தாளை நீட்டினாள். “இதுல அஞ்சாவது கேள்வி நைனா. நீ வேணாம்னா, அந்தக் கையை எடுத்துடறோம். நான் இவங்ககிட்ட சொல்லிட்டேன். இவங்களும் சரின்ட்டாங்க. வேணும்னா, இப்படி மாத்துறோம்.” மொட்டைமாடியையும் பெட்டியையும் கீழே நிற்கும் ஆட்களையும் சொன்னாள்.

நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். “மேலேர்ந்து யாரு பாக்குற மாதிரி?”

“நீ பாக்குற மாதிரி. உன் கண்ணால.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“பெட்டி ஆடுறப்போ இறக்கக் கூடாது,” என்றார் கடைசியில். “ஆட்டம் நிக்கட்டும்னு கைய அப்படியே வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கணும். நின்னப்புறம்தான் இறக்கணும். தெரியாம எடுத்து வெச்சீங்கன்னா எங்க ஷிப்ட்டுக்காரனுங்க சிரிப்பானுங்க.” பிறகு, “பேனா எங்க?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை பதில் தாளைக் கொடுத்தபோது ஆறாவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது. மறுபடி எடுத்தால் எதை மாற்றுவீர்கள் என்பது அந்தக் கேள்வி. “வெள்ளிக்கிழமை காட்டினப்புறம் எழுதுறோம் டீச்சர். இன்னும் மாத்திக்கினே இருக்கோம்,” என்றாள் நவ்ரீன்.

“மாத்தறதுக்குத்தானே மதிப்பீடு. மாத்துங்க,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் ஆலிஸ் டீச்சர்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் மொட்டைமாடிதான். கடல்காற்றில் அட்டைப்பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆடியது, சுழன்றது, ஒருமுறை பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்த பாவாடையை இழுத்துக்கொண்டு போனது. கீழே நிற்க ஆள் வேண்டும் என்று உபைதுல்லாவையும் அவன் தோஸ்துகள் நாலு பேரையும் கூட்டி வந்தார்கள். உபைதுல்லா ஹெல்மெட் இல்லாமல் நிற்க மாட்டேன் என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டான். மேலே இருந்து பார்த்தால் அது ஹெல்மெட் போலத்தான் தெரிந்தது.

பீம்ராவ் கயிற்றைப் பிடித்தான். அவனுக்குக் கைகள் வலித்தன. “ஆட்டம் நிக்கல, இறக்காத,” என்று கேமராவில் கண்ணை வைத்தபடியே சொன்னாள் செங்கொடி. “இன்னும் நிக்கல. இன்னும் இல்ல.” அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. கண் இமைக்காமல் கீழே பார்த்துக்கொண்டே இருப்பது இவ்வளவு கஷ்டமா? நைனா இதை இரவு முழுக்கச் செய்கிறார்.

முப்பத்தெட்டாவது தடவை பெட்டி அசையாமல் நின்று, பூப்போல இறங்கித் தரையைத் தொட்டது. கைதட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. உபைதுல்லா வாளிக்குள்ளிருந்து, “முடிஞ்சிச்சா?” என்று கேட்டான்.

புதன்கிழமை லியாகத் அலி மாமா பெருமூச்சோடு இதயத்தை எடுத்தார். “ஒரு ரோஜா இதழாவது இருக்கட்டுமே,” என்று கெஞ்சிப் பார்த்தார். நவ்ரீன் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. பள்ளிக்கூடக் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இருட்டாக்கியிருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பிவிட்டன. முதல் வரிசையின் ஓரத்தில், தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, நைனா உட்கார்ந்திருந்தார். காலையில் வந்தவர் தூங்கவே இல்லை. செங்கொடி வாசலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் படம் மூன்றாவதாக வந்தது. கதவு திறந்தது. கைகள் அசைந்தன. ‘ஙொய்ய்ய்’ இல்லை. இப்போது அங்கே கடல்காற்றின் ஓசை மட்டும் இருந்தது. பின்வரிசையில் யாரோ, “ஐயோ, யாரது!” என்றார்கள். செங்கொடி நகத்தைக் கடித்தாள்.

அடுத்து, உயரத்திலிருந்து கீழே. பெட்டி ஆடியது. கீழே சின்னச் சின்ன ஆட்கள். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. “டேய், நகருங்கடா!” என்று ஓர் அம்மா திரையைப் பார்த்துக் கத்தினார். கைகள் காத்திருந்தன. ஆட்டம் நின்றது. கைகள் மெல்ல மெல்ல இறக்கின. பெட்டி தரையைத் தொட்டதும் கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் ‘உஸ்’ என்று மூச்சு விட்டது. கட்டிலில் படுத்திருந்தவரின் கைகள் வந்து அவர் மார்பில் அமர்ந்தன. படத்தின் பெயர் வந்தது. அதற்குக் கீழே: ‘நடிப்பு: கோதண்டம், கிரேன் ஓட்டுநர்.’

கைதட்டல் கூரையைத் தூக்கியது. “நம்ம கோதண்டம்பா! எங்க அவரு?” என்று குரல்கள் எழுந்தன. விளக்கு போட்டார்கள். எல்லோரும் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நைனா தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. படத்தின் எந்த இடத்தில் தூங்கிப்போனாரோ, யாருக்குத் தெரியும். மடியில் அவருடைய கைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எதையோ மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தன.

யாரும் அலறவில்லை. கைதட்டியவர்கள் தாங்களாகவே தட்டுவதை நிறுத்தினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த உபைதுல்லா, எதற்கும் இருக்கட்டும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

செங்கொடி போய் நைனாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். எழுப்பவில்லை. பெட்டி தரையைத் தொடும்வரை காத்திருந்தாள். கைகள் ஓய்ந்து மடியில் அமர்ந்ததும், கேள்வித்தாளை முழங்காலில் வைத்து, ஆறாவது கேள்விக்கு எதிரே பதில் எழுதினாள்:

‘அடுத்த முறை எங்கள் படத்தை மதியம் காட்டக் கூடாது. அது எங்கள் நடிகர் தூங்கும் நேரம்.’